டேஷ்போர்டு விளக்கை வீட்டிலேயே எல்இடி ஆக்குவது: கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரத்தில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். ஏசி குமிழ், மீட்டர் போர்டு, கூரை விளக்கு பற்றிக் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மண்டபம்: அண்ணே, பழைய கார். ராத்திரியில் ஏசி குமிழ் பக்கம் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. நானே எல்இடி மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம் தம்பி, அரை நாள் வேலைதான். முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி வை. பேனலை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதே. நம் வெயிலில் காய்ந்த கிளிப் பொட்டென்று உடையும். துணி சுற்றிய பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். உள்ளே பல்ப் ஹோல்டரை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருகினால் கையோடு வந்துவிடும்.

காசு போடும் முன் அந்த ஹோல்டரைப் பார். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வண்டி இதே குறையோடு வந்தது. ஹோல்டரின் இரண்டு செம்புத் தகடுகளிலும் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. 600 நம்பர் உப்புத்தாளை மடித்து மெல்லத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய பல்பையே மாட்டினேன், பளிச்சென்று எரிந்தது. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் ஊரில் பல்பை விட ஹோல்டர்தான் முதலில் கெடும். களிம்பின் மேல் புது எல்இடி போட்டால் சில மாதத்தில் அதுவும் மினுக்கும். சுத்தம் செய்தபின் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு வை.

அளவைப் பொறுத்தவரை, பல்ப் கண்ணாடியின் குறுக்களவு 5 மிமீ என்றால் டி5 வகை, 10 மிமீ என்றால் டி10. பிளாஸ்டிக் அடியோடு சேர்ந்து வரும் டி3, டி4.2 வகைகளைப் பார்வையால் பிரிப்பது சிரமம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போ.

கீழக்கரை: காக்கா, நாலு மாட்டினேன், இரண்டு எரியவில்லை. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டாரா?

இல்லை தம்பி. குண்டு பல்புக்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, எல்இடிக்கு உண்டு. எரியாத இரண்டையும் உருவித் திருப்பிச் செருகுங்கள். பேனலை மூடும் முன் பேட்டரியை இணைத்து, பார்க்கிங் லைட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தொண்டி: நீலமா, வெள்ளையா?

நீலம் வேண்டாம் என்பதுதான் என் பதில். தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கில்லாத இடங்களில் ராத்திரி ஓட்டுகிறவருக்கு, மடி உயரத்தில் எரியும் நீல வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். ரோட்டில் படுத்திருக்கும் மாடு தெரிவதற்குள் பக்கத்தில் போய்விடுவோம். மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. இன்னொன்று, சில பேனல்களுக்குள்ளேயே பச்சைத் தாளோ, பல்பின் மேல் பச்சை ரப்பர் தொப்பியோ இருக்கும். அதற்குப் பின்னால் சிவப்பு எல்இடி போட்டால் வெளிச்சம் வெளியே வராது. அங்கே வெள்ளையோ பச்சையோதான் சரி.

ராமேசுவரம்: எல்இடி போட்ட பின் ஒரே இடத்தில் புள்ளியாகக் குத்துகிறது. வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழும் வேலை செய்யவில்லை.

குண்டு பல்ப் நாலு பக்கமும் வெளிச்சம் தரும், எல்இடி நேராக மட்டும் பாய்ச்சும். அதன் முகப்பை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள் அக்கா, ஒளி பரவிவிடும். பழைய வண்டிகளின் குமிழ் வோல்டேஜைத்தான் குறைக்கிறது. எல்இடி அதற்குச் சீராக மங்காது, ஒரு கட்டத்தில் சட்டென்று அணையும். அதனால் வாங்கும்போதே வெளிச்சம் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

சாயல்குடி: மீட்டர் போர்டில் எல்லாவற்றையும் மாற்றலாமா?

பேட்டரிச் சின்னத்தின் பல்பை மட்டும் தொடாதீர்கள். பல பழைய கார்களில், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கத் தொடங்குவதற்கான முதல் மின்சாரமே அந்தக் குண்டு பல்ப் வழியாகத்தான் போகிறது. எல்இடி அவ்வளவு கரன்ட்டை விடாது. என் சொந்த வேனில் மாற்றிவிட்டு, ஹெட்லைட்டோடு கிளம்பி, பாம்பன் பாலம் ஏறும் முன் பேட்டரி இறங்கி நின்றேன். மனைவி, பிள்ளைகளோடு ராத்திரியில் அங்கே நின்றதை மறக்க முடியாது. அப்புறம், ஏர்பேக் இருக்கும் வண்டியில் அதன் வயர்களுக்கான மஞ்சள் கனெக்டர்களில் கை வைக்காதீர்கள்.

தேவிபட்டினம்: தனி எல்இடியும் ரெசிஸ்டரும் வைத்து நானே ஈயம் பற்றவைக்கலாமா?

வைக்கலாம். இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை வரும், 12 என்று கணக்குப் போடாதீர்கள். வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3.2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 11.2. பேனலுக்கு 10 மில்லி ஆம்பியர் (0.01 ஆம்பியர்) கரன்ட் தாராளம். 11.2-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1,120 ஓம் வரும் என்பதால் அதற்கு அடுத்த அளவான 1.2 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ஏர்வாடி: கூரை விளக்கை எல்இடி ஆக்கினேன். கதவை மூடினாலும் லேசாக எரிகிறது.

கதவு சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள். உப்பு ஈரம் படிந்திருந்தால் அதன் வழியே துளி கரன்ட் எர்த்துக்குக் கசியும். குண்டு பல்ப் அதில் எரியாது, எல்இடிக்கு அதுவே போதும். சுவிட்சைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் மினுங்கினால் வண்டியை ஒருநாள் கொண்டுவாருங்கள்.