வி.எச்.எஸ். நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது ஒலி மங்குவதும் இரைவதும் ஏன்?

படம் தெளிவாக வந்தும் பேச்சு மட்டும் சில நாடாக்களில் மங்கலாகவும், சிலவற்றில் 'பர்ர்' என்ற இரைச்சலுடனும் பதிவாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு. மென்பொருளைத் திறப்பதற்கு முன் பிளேயரைக் கவனிக்க வேண்டும்.

வி.எச்.எஸ். நாடாவின் விளிம்பை ஒட்டி ஒரு சாதாரண ஒலித்தடம் ஓடுகிறது. ஹை-ஃபை இயந்திரத்தில் பதிவான நாடாக்களில், சுழலும் ஹெட்டுகள் (நாடாவில் பதிக்கவும் படிக்கவும் செய்யும் காந்த முனைகள்) படத்துக்கு அடியிலேயே பதித்த இன்னொரு ஒலியும் உண்டு. இந்த ஹை-ஃபை தடத்தை ஹெட் சரியாகப் பின்தொடராதபோதுதான் பெரும்பாலும் இரைச்சல் எழுகிறது. பிளேயரின் டிராக்கிங்கை, அதாவது ஹெட் தடத்தோடு ஒத்துப்போகச் செய்யும் அமைப்பை, சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். படம் மிகத் தெளிவாக இருக்கும் இடத்திலேயே ஒலியும் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்படியும் தீராவிட்டால், ஆடியோ தேர்வை 'நார்மல்' என மாற்றிச் சாதாரணத் தடத்தை எடுங்கள்.

மங்கலுக்கு, சாதாரணத் தடத்தைப் படிக்கும் ஒலி ஹெட்டில் படிந்த அழுக்கோ, அதன் சாய்வோ காரணமாகலாம். பதிவுசெய்த இயந்திரத்தின் ஹெட்டும் உங்களுடையதும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் உச்ச அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். 'ஸ', 'ஷ' ஒலிகளைக் கேட்டாலே இது புரிந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் அந்த ஹெட்டைத் துடையுங்கள்; பிறகு வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். சாய்வுத் திருகைத் தொடுவது கடைசி வழி; தொடுமுன் அதன் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு அளவை, மிக உரத்த இடத்திலும் அளவுமானியின் உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழே நிற்குமாறு வையுங்கள். உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது.