கோடை மழை பொய்த்த பிறகு

அன்புள்ள அக்கா,

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். உரம், ஆள் கூலி, கடன் தவணை என்று எல்லாவற்றுக்கும் மாதவாரியாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். மார்ச்சில் வரவேண்டிய கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஏப்ரல் கடைசியில் லேசாகத் தூறியதில் கால் பங்குதான் பூத்தது. என் திட்டம் அத்தனையும் பாழ். அப்பாவோ, "மழை நம்ம கையிலயா இருக்கு?" என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடி கட்டப் போய்விடுகிறார். ஓய்ந்துபோனவர் பேச்சாகத்தான் எனக்கு அது படுகிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாமல் ஒருவர் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? பேசாமல் பெங்களூருக்கே திரும்பிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

"எது வந்தாலும் ஏற்றுக்கொள்" என்பது பல சமயம் அடுத்தவர் வாயை அடைக்கச் சொல்லப்படுவது. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களிடம் போய் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உங்கள் அப்பாவை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓய்ந்துபோனவர் மிளகுக் கொடி கட்டமாட்டார்.

நம் மலைவாழையை எடுத்துக்கொள்ளுங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி. முடிக்கொத்து நோய் வந்து கீழ்மலைத் தோட்டங்கள் எத்தனையோ அழிந்த கதையை உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். புதிதாக வருகிற இலை குறுகி, விறைத்து, உச்சியில் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். அதற்கப்புறம் அந்த மரம் தேறாது. தேறிவிடும் என்ற ஆசையில் விட்டுவைத்தால் அசுவினிப் பூச்சி பக்கத்து மரத்துக்கும் நோயைக் கொண்டுபோய்விடும். அன்றைக்கே வேரோடு தோண்டி எடுத்து அழித்தால்தான் மற்றதைக் காப்பாற்றலாம். நான் ஏற்பு என்று சொல்வது இதைத்தான். போனது போனதுதான் என்று ஒத்துக்கொண்டவருக்குத்தான் அடுத்த வேலைக்குக் கை நகரும். காப்பிக்கு நடுவே மிளகும் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் வைத்தவர்கள், எந்த ஒன்றும் தவறலாம் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டவர்கள். உங்கள் லேப்டாப் திட்டத்தில் அந்த ஒரு இடம்தான் விட்டுப்போயிருக்கிறது.

சரி, நிம்மதிக்கு வருகிறேன். கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். அது ஏன் வந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, மெட்ராஸ் மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடலாம் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. 1899-ல் இந்த மலை மேல் சூரிய ஆய்வகம் வந்ததற்குப் பின்னால் இருந்த கவலை, நீங்கள் கடிதத்தில் எழுதிய அதே கவலைதான். மழை எப்போது வரும்?

அந்தக் கேள்விக்கு, சூரியன் மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகள் பதில் தரவில்லை. ஆனால் 1909-ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கே வேறொன்றைக் கண்டார். சூரியப் புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதை. இன்றும் உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, நூறாண்டுக்கு மேலாக அங்கே நடக்கும் அன்றாட வேலை. வானம் தெளிந்தால் சூரியனைப் படம் எடுப்பார்கள். மேகம் மூடினால் அன்றைக்குப் படம் இல்லை. மறுநாள் காலையில் மறுபடியும் தொலைநோக்கிக்கு வருவார்கள். கொடைக்கானலில் மேகம் மூடுகிற நாட்களுக்கா பஞ்சம்! இப்படி நடுநடுவே விட்டுப்போன நாட்களோடு சேர்ந்ததுதான் உலக விஞ்ஞானிகள் இன்று தேடிப் படிக்கிற அந்தப் படத் தொகுப்பு. ஒரு நாளின் வேலையை அந்த நாளோடு முடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். அதில் ஒரு சந்தோஷம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக யாரும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்பட வைத்தது ஒன்று உண்டு. "கால் பங்குதான் பூத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் கிளை நெடுக வெள்ளையாகக் காப்பி பூத்து நிற்பதையும், காலையில் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மல்லிகை மாதிரி அடிக்கிற அந்த மணத்தையும், தேனீ இரைச்சலையும் நீங்கள் பார்க்கவே இல்லையா? மொத்தம் இரண்டு மூன்று நாள்தான் அது. வராத முக்கால் பங்கின் துக்கத்தில் வந்த கால் பங்கும் உங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. மழை செய்த நஷ்டம் விளைச்சலில் மட்டும்தான். இந்த நஷ்டம் மழையால் வந்தது இல்லை.

பெங்களூர் விஷயம். கணக்குக் கட்டுப்படியாகாவிட்டால் தாராளமாகத் திரும்புங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. கடன் தவணை இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள், அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மழை பொய்த்த கோபம் ஆறாத இந்த மாதத்தில் முடிவெடுக்க வேண்டாம். இந்த வருஷக் காப்பியும் மிளகும் கைக்கு வந்து, என்ன விலைக்குப் போனது என்று தெரிந்த பிறகு, அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதுவரை தினமும் அவர் கூடவே தோட்டத்துக்குள் போய்வாருங்கள்.

அன்புடன்,
அக்கா