நீலப் பாக்கெட்டில் பால்கோவா வருமா?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பாலைப் பற்றியவை. ‘இந்தப் பாலுக்குப் பதில் அந்தப் பால் ஊற்றலாமா?’ என்பதுதான் பலரின் சந்தேகம். நாம் செய்யும் பண்டத்தில் பால் எதற்காகச் சேர்கிறது என்று முதலில் பாருங்கள். கொழுப்புக்காகவா, திடத்துக்காகவா, புளிப்புக்காகவா, வெறும் ஈரத்துக்காகவா? அது தெரிந்தால் மாற்று எது என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டில் வாங்குவது ஆவின் நீலப் பாக்கெட். அதில் பால்கோவா கிளறினால் ஒரு கரண்டிதான் தேறுகிறது. ஏன்?

நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம். ஆரஞ்சில் 6, 9. அதாவது ஒரு லிட்டர் நீலப் பாலைச் சுண்டவைத்தால் உங்களுக்கு மிஞ்சும் திடம் 115 கிராம் அளவுதான். ஆரஞ்சில் 150 கிராம் கிடைக்கும். மீதியெல்லாம் ஆவியாகப் போகிற தண்ணீர். நீலம்தான் இருக்கிறது என்றால், அடுப்பில் வைக்கும் முன்பே அரை லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி பால்பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். இறக்கும்போது ஒரு கரண்டி நெய். அளவும் கூடும், வாயில் வைத்தால் வறட்சியும் தெரியாது. டீ, ரவா கேசரி, பான்கேக் இவற்றுக்கெல்லாம் நீலமே போதும். ஆரஞ்சு வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை.

வெல்லப் பாயசத்தில் பால் ஊற்றினாலே திரிந்துவிடுகிறது. விருந்தாளி வரும் நாளில் கை நடுங்குகிறது.

வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு, பழைய வெல்லத்தில் இன்னும் கூடுதல். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் புளிப்பு பட்டால் திரளும். சூடும் சேர்ந்தால் கொஞ்சம் புளிப்பே போதும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, வடிகட்டி, பருப்போடோ அரிசியோடோ கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். பத்து நிமிடம் ஆறட்டும். ஏற்கெனவே காய்ச்சி வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். அப்புறம் அதை மறுபடி அடுப்பில் கொதிக்கவிடக் கூடாது. சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து எடுங்கள்.

இதைவிட நல்ல வழி தேங்காய்ப்பால். அதில் கேசின் கிடையாது, வெல்லத்தோடு சண்டை போடாது. பருப்புப் பாயசம், அடைப் பிரதமன் என்று வெல்லம் போடுகிறவற்றுக்குத் தேங்காய்ப்பாலும், சேமியா, பால் பாயசம் என்று சர்க்கரை போடுகிறவற்றுக்கு மாட்டுப்பாலும் என நம் சமையலில் பழக்கமாக இருப்பது எவ்வளவு பொருத்தமானது, பாருங்கள். பாலும் வெல்லமும் சேரும் சர்க்கரைப் பொங்கலிலும் அரிசி பாலை இழுத்துக்கொண்டு குழைந்த பிறகுதான் வெல்லம் போடுகிறோம்.

திருநெல்வேலி சொதிக்குத் தேங்காய் துருவ நேரமில்லை. மாட்டுப்பாலில் செய்யலாமா?

வேண்டாம். சொதியில் கடைசியில் எலுமிச்சைச் சாறு விடுவோம், மாட்டுப்பால் அங்கேயே திரிந்துவிடும். கடைத் தேங்காய்ப்பாலோ பவுடரோ பயன்படுத்துங்கள். அதில் பாதியைத் தண்ணீர்விட்டு நீர்க்கக் கரைத்து, இரண்டாம் பாலாக நினைத்துக் காய்களை அதிலேயே வேகவிடலாம். கெட்டியாக வைத்திருக்கும் மீதியைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். எலுமிச்சை இறக்கிய பிறகுதான்.

கேக் குறிப்பில் ‘பட்டர்மில்க்’ ஒரு கப் என்கிறார்கள். நம் மோரை ஊற்றினேன், கேக் சப்பென்று வந்தது.

அந்தக் குறிப்புகளில் சொல்வது கெட்டியான, புளித்த பட்டர்மில்க். நம் மோரில் தண்ணீர்தான் அதிகம். முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். தயிர் இல்லையென்றால் ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். புளிப்பே இல்லாத பாலை மட்டும் அப்படியே ஊற்றாதீர்கள். சமையல் சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் கேக் எழும்பாது, சோப்பு வாடையும் அடிக்கும். பால்தான் இருக்கிறது என்றால் அரை டீஸ்பூன் சோடாவை விட்டுவிட்டு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் டின்னுக்கு வீட்டு மாற்று?

முக்கால் லிட்டர் ஆரஞ்சுப் பால், 180 கிராம் சர்க்கரை. அடிகனமான அகலப் பாத்திரத்தில் சிறுதீயில் கிளறி, எடை 400 கிராமுக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கலாம்.

என் பேரனுக்குப் பால் ஆகாது என்கிறார்கள். ஆட்டுப்பாலில் கேக் செய்து தரலாமா?

முதலில் எது ஆகாது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்கவில்லை என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் போதும். அது கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், கேக்கும் சீக்கிரம் சிவக்கும், அடுப்பருகிலேயே இருங்கள். ஆனால் பால் புரதத்துக்கு ஒவ்வாமை என்றால் ஆட்டுப்பால், எருமைப்பால், லாக்டோஸ் நீக்கிய பால் எதுவுமே கூடாது. ஆட்டுப்பாலின் புரதமும் மாட்டுப்பாலின் புரதத்தைப் போன்றதுதான். குழந்தைக்கு ஆபத்து. நெய், வெண்ணெய், தயிரையும் தவிருங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் கேசின், வே (whey, பால் திரிந்ததும் பிரியும் நீர்), பால்திடம் என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கேக்குக்குச் சோயாப்பால் நன்றாக அமையும், புரத அளவில் மாட்டுப்பாலுக்கு நெருக்கமானது அதுதான். சோயாவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் மருத்துவரிடமே கேளுங்கள். அப்படியானால் ஓட்ஸ் பாலோ தேங்காய்ப்பாலோ எடுத்துக்கொண்டு, ஒரு கரண்டி எண்ணெய் கூட விட்டுச் செய்யுங்கள்.

டெட்ரா பாக்கெட் பாலில் பனீர் சரியாகத் திரளவில்லையே?

திரளாது. அந்தப் பாலை 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கியிருப்பார்கள். அதில் புரதத்தின் தன்மை மாறி, திரளும்போது பொடிப்பொடியாக, கொழகொழவென்று நிற்கும். பனீருக்குச் சாதாரணப் பாக்கெட் பாலோ, கிடைத்தால் எருமைப்பாலோ வாங்குங்கள். டெட்ரா பாலில் தயிர் தோய்க்கலாம், அதற்கு நன்றாகவே வரும்.