0.8 பாரைத் தாண்டியதும் திணறும் டர்போ விரா
முதலில் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள். மெதுவாக ஓட்டும்போது சீராக இருந்து, பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) 0.8 பாரைத் தாண்டினால் மட்டுமே உங்கள் டர்போ புரோட்டோன் விரா கார் திணறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டரில் அழுத்தம் ஏற ஏற அதே இடைவெளியைத் தாவத் தீப்பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், தீப்பொறிக்கு மின்னழுத்தம் தரும் பழைய இக்னிஷன் காயில் அதைத் தர முடியாமல் தவிப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளந்து, 1 மி.மீ. அளவில் இருந்தால் 0.7க்குக் கொண்டுவாருங்கள். சுங்கை சிப்புட்டில் என் காருக்கு இதே கோளாறு வந்தபோது, பெட்ரோல் பம்பை மாற்றிய பிறகுதான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அந்த வீண் செலவு உங்களுக்கு வேண்டாம்.

திணறல் தீரவில்லையென்றால் எரிபொருள் அழுத்தத்தை அளவுமானி பொருத்திப் பாருங்கள். அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அதற்குக் கொண்டுவரும் குழாய்) கழற்றிய நிலையில் 3 பார் காட்டினால், குழாயை மாட்டி 0.8 பார் பூஸ்டில் ஓடும்போது ஏறக்குறைய 3.8 பார் காட்ட வேண்டும்.

அழுத்தம் அவ்வாறு ஏறாவிட்டால் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கவே கூடாது. பெட்ரோல் குறைந்த கலவை பிஸ்டனையே உருக்கிவிடும். செம்பனைக் குலை லாரிகள் திரும்பும் தோட்டச் சாலையிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.