எடை மாறவில்லை, நாடா மட்டும் குறைகிறது

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 158 செ.மீ., எடை 57 கிலோ. தையல் கடை வைத்திருப்பதால் நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி கிடையாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மருத்துவ முகாம் ஒன்றில் என் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீடு) 22.8, நார்மல் என்றார்கள். ஜிம்முக்குப் போகும் என் தம்பிக்கு (175 செ.மீ., 84 கிலோ) 27.4, உடல் பருமன் என்றார்கள். பத்து ஆண்டுகளாக என் எடை கூடவில்லை. ஆனால் பாவாடை நாடாவைக் கட்டினால் மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. என் இடுப்பளவு முப்பத்துநாலரை அங்குலம், தம்பிக்கு முப்பத்திரண்டு. எதை நம்புவது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நாடாவை நம்புங்கள்.

முகாமில் கணக்கைத் தவறாகப் போடவில்லை. ஆனால் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம், 1830களில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே என்ற வானியலாளர் பெருந்திரளான மக்களின் சராசரியை ஆராய்ந்தபோது பிறந்தது. தனி ஒருவரின் உடல்நிலையைக் கணிப்பது அவர் நோக்கமே அன்று. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா வயிற்றுக்குள் இருக்கிறதா என்பது தராசுக்குத் தெரியாது.

2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே சான்றாக நிறுத்தினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான், உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்கள் பலரின் உடல்வாகு இப்படி என்பதால்தான் உலக அளவில் பொதுவாக 25இல் தொடங்கும் 'அதிக எடை' இந்தியாவில் 23இலேயே தொடங்குகிறது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு அரைக் கிலோ இப்பால் நிற்கிறீர்கள். அதை நார்மல் என்று சொல்லி அனுப்பியது, என்னைக் கேட்டால், அவசரம்.

எடை கூடாமல் இடுப்பு மட்டும் பெருப்பது எப்படி? நாற்பதை ஒட்டிய வயதில், உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்குத் தசை மெல்லக் கரைகிறது. கரைந்த இடத்தைக் கொழுப்பு, பெரும்பாலும் வயிற்றில், நிரப்புகிறது. வரவும் செலவும் ஈடாகிவிடுவதால் தராசு முள் அசைவதில்லை.

டேப் பிடிப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாவாடை கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், துணியின்றி அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை, உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இன்னும் எளிய கணக்கு. முப்பத்துநாலரை அங்குலம் என்பது 88 செ.மீ.; உங்கள் உயரத்தில் பாதி 79. தம்பிக்கு 81 செ.மீ.தான், எனவே அவருடைய 27.4இல் பெரும்பங்கு தசையாகவே இருக்கும். ஆனாலும் அவரும் ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

சென்னை மருத்துவர் மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் உங்கள் வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, அம்மாவின் நோய்க்கு 10 எனக் கூட்டினால் 70 வருகிறது. அறுபதைத் தொட்டாலே அபாயம் அதிகம். ஆகவே இந்த மாதமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை), ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அறிக்கையுடன் மருத்துவரைப் பார்க்கும்போது இடுப்பளவையும் சொல்லுங்கள்.

இதற்கிடையில் பட்டினி கிடக்காதீர்கள். அதில் கொழுப்போடு இருக்கிற தசையும் போகும். சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், முட்டையைக் கூட்டுங்கள். தினமும் நடப்பதோடு, வாரம் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் செய்யுங்கள். அப்போதும் எடை 57ஐ விட்டு நகராமல் போகலாம். மாதம் ஒருமுறை டேப்பை வைத்துப் பாருங்கள்.