பைப் ஆர்கனை மாற்றுமுன்

கேள்வி: கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் எங்கள் ஆலயத்துப் பைப் ஆர்கனில் ஒரு சுரம் ஊதிக்கொண்டே இருக்கிறது. காற்றும் போதவில்லை. எலெக்ட்ரானிக் ஆர்கன் வாங்கிவிடலாம் என்கிறது பாஸ்டரேட் கமிட்டி. சரிதானா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். எந்த ஸ்டாப்பை (ஒரு குழல் வரிசையை ஒலிக்கவிடும் இழுகுமிழை) இழுத்தாலும் அதே சுரம் நிற்காமல் ஊதினால், காற்றுப்பெட்டிக்குள் அந்தக் கட்டைக்குரிய வால்வு மூடவில்லை என்று பொருள். தூசி, செத்த பூச்சி, தளர்ந்த ஸ்பிரிங், மழைக்கு ஊதிய மரம் என்று காரணம் பெரும்பாலும் சின்னதுதான். பக்கத்துச் சுரமும் சன்னமாக முனகினால் மட்டும் கவலைப்படுங்கள். கோடையில் காய்ந்து பெட்டிப் பலகை வெடித்திருக்கலாம்.

காற்றுக் குறைவுக்குத் துருத்தியைப் பாருங்கள். மோட்டாரை ஓடவிட்டு, ஸ்டாப்புகளை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, துருத்தியின் மூலைகளில் கை வையுங்கள். காற்று கையில் பட்டால் தோல் போய்விட்டது. நம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோலுக்கா பஞ்சம்? ஆனால் ஷூவுக்கான பூச்சுத் தோல் வேண்டாம், மடிப்பில் வெடிக்கும். பூச்சில்லாத மெல்லிய செம்மறித் தோலாகக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுவதற்குச் சூடான வச்சிரப் பசைதான். அது பின்னாளில் வெந்நீர் பட்டால் பிரிந்து வரும். தச்சர்களின் வெள்ளைப் பசை போட்டால் தோலோடு மரமும் பெயரும்.

கேள்வி: மே மாதத்தில் சுருதி ஏறிவிடுகிறதே?
- வாசகர், வேலூர்

பதில்: அது பழுதல்ல. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி சுமார் 30 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரும். நாக்குள்ள ரீட் குழல்கள் அவ்வளவு ஏறாது. அதனால்தான் காதுக்கு உறுத்துகிறது. எண்ணிக்கையில் அதிகமான மற்றக் குழல்களைத் தொடாமல், ரீட்களின் சுருதிக் கம்பியைத் தட்டி அவற்றோடு சேருங்கள். ஆராதனை நேரத்து வெப்பத்திலேயே செய்யுங்கள்.

கேள்வி: மாற்றியே தீர வேண்டுமென்றால்?
- வாசகர், ஆரணி

பதில்: பாமாலை வாசிக்க 61 கட்டை கொண்ட இரண்டு வரிசையும், காலால் வாசிக்கும் 30 அல்லது 32 கட்டைப் பெடலும் பாருங்கள். 16 அடி (குழலின் நீளத்தை வைத்து வந்த பெயர்) பெடல் ஸ்டாப்பின் அடிச்சுரம் சுமார் 33 ஹெர்ட்ஸ். பிரசங்கத்துக்கு வைத்த ஸ்பீக்கரில் அது கேட்காது, தனி சப்வூஃபர் வேண்டும். இடி, மின்னழுத்த ஏற்றம் போர்டைக் கெடுக்கும்; சர்ஜ் பாதுகாப்பும் எர்த்தும் கட்டாயம். பழைய குழல்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, மெத்தென்று நசுங்கும். ஸ்டாப் பெயரும் சுரமும் குறித்து, துணி விரித்த மரத்தட்டில் படுக்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.