சுரங்கம் மூடிய பிறகு இங்கிலாந்தின் நிலக்கரிக் கிராமங்கள் என்ன ஆயின?

நிலக்கரிக் கிராமம் என்பது சுரங்கத்துக்காகவே பிறந்த ஊர். முதலில் குழி வந்தது, பிறகுதான் அதைச் சுற்றி வரிசை வீடுகள். வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹாம் கவுண்டியின் ஈசிங்டன் காலியரி (காலியரி என்றால் நிலக்கரிச் சுரங்கம்) அப்படிப்பட்டது. அங்கே 1899-ல் தோண்டத் தொடங்கினார்கள், 1993-ல் மூடினார்கள்.

மூடியபோது வேலை மட்டுமா போனது? ஒரே நடுக்காலில் நின்ற பந்தல் அந்த ஊர். கால் சாய்ந்தால் கீற்றும் சேர்ந்துதான் இறங்கும். கடைக்காரரின் வியாபாரம், மன்றம், பித்தளை வாத்தியக் குழு எல்லாமே சுரங்கக் கூலியை நம்பியவை. வீட்டு அடுப்புக்கான நிலக்கரிகூடத் தொழிலாளியின் உரிமைப் பங்காக வந்தது. வாசலில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். வீட்டார் மண்வாரியால் அள்ளிக் கொட்டகையில் சேர்ப்பார்கள்.

துக்கமும் பொதுவாகத்தான் இருந்தது. 1951 மே 29 அன்று ஈசிங்டன் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 83 பேர் இறந்தார்கள், அதில் இருவர் மீட்கப் போனவர்கள். அப்படி ஒரு நாளைச் சேர்ந்து கடந்த தெருக்காரர்களுக்கு அண்டை வீடு வெறும் அண்டை வீடாக இருக்காது. அதனால்தான் சுரங்கம் போன பிறகும் ஜூலை மாதம் டர்ஹாம் நகரில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் விழாவில் தங்கள் சுரங்கத்தின் பதாகையை ஏந்தி நடக்கிறார்கள். ஆட்களை இறக்கிய இரும்புக்கூண்டு இன்று கடலோர மேட்டில் நினைவுச்சின்னமாக நிற்கிறது.

சுரங்க மூடலை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் எல்லாச் சுரங்கங்களும் மூடப்பட்டன என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டர்ஹாமில் ஏராளமான சுரங்கங்கள் 1960-களிலேயே மூடிவிட்டன.